அக்கா கடையின் நான்காவது கம்ப்யூட்டர்

திருச்சானூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஒருவர் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ரூம் வேண்டுமா, ஏசி உண்டு, வெந்நீர் உண்டு, கோயிலுக்குப் பக்கத்திலேயே என்று தெலுங்கில் ஒரே மூச்சாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். காதில் விழாதவர் போல் கூடவே நடந்து வந்தார். எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவன்தான் என்று சொன்னதும் பெட்டியை விட்டுவிட்டார். தனி ஆளுக்கு இங்கே எந்த லாட்ஜிலும் ரூம் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, நான்தான் அவர் நேரத்தை வீணடித்தது போல முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த ஆட்டோவைப் பார்க்கப் போனார்.

பல வருடமாக விளம்பரங்களை விரட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவன் நான். ஒரு விளம்பரம் இவ்வளவு சுலபமாகத் தானே விலகிப் போனதை இதற்கு முன் பார்த்ததில்லை. தனியாள் என்று சொன்னால் போதும் போலிருக்கிறது.

நான் இருப்பது நெதர்லாந்தில், உத்ரெக்ட் என்ற ஊரில். சொந்த ஊர் சித்தூர்ப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனா கூலிக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார். கம்ப்யூட்டர் படித்தால் வெளிநாடு என்று ஊரே நம்பிய காலம் அது. நான் அப்படிப் போனவன். அக்கா பி.காம். முடித்து, திருச்சானூரில் வாழ்க்கைப்பட்டு, கோயில் தெருவுக்குப் பின்னால் ஒரு நெட் சென்டர் வைத்தாள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் எந்திரம். தரிசன டிக்கெட், தங்கும் அறை, பரீட்சை விண்ணப்பம், எல்லாம் அங்கே நடக்கும்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு எக்ஸ்டென்ஷன். இணையம் பார்க்கும் பிரவுசரில் கூடுதலாக ஒட்டவைக்கும் சின்ன மென்பொருள். விளம்பரங்களை வடிகட்டும் ஒன்றை அக்கா கடையின் எல்லா மெஷினிலும் போட்டுக் கொடுத்திருந்தேன். யாத்ரீகர்களை ஏமாற்றும் போலி டிக்கெட் தளங்களின் பட்டியலையும் நானே உத்ரெக்டில் உட்கார்ந்து அன்றாடம் சேர்த்து வந்தேன். பிரவுசர் கம்பெனிக்காரர்கள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை மாற்றினார்கள். ஒரு நாள் காலை என் வடிகட்டி தானாக அணைந்துவிட்டது.

அக்கா போன் செய்தாள். "நீ போட்டுக் குடுத்தது செத்துப் போச்சு. வந்து பாத்துட்டுப் போ." அங்கிருந்தே சரி செய்துவிடலாம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், நேரில் வா என்று வைத்துவிட்டாள். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு தூரமா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் என்னைத் தேட யாரும் இல்லை.

அதுதான் விஷயம். என் மனைவி நிர்மலா என்னை விட்டுப் போய்க் குளிர்காலம் ஒன்று முடிந்துவிட்டது. சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது, பிறகு வேறு ஊரில் அவளுக்கு வேலை கிடைத்தது. இதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நிர்மலா கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள், தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். எங்கள் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவள் அக்கா. அவள் முகத்துக்கு நேரே பொய் சொல்லாமலும், உண்மையைச் சொல்லாமலும் ஒரு வாரத்தை ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். விமானத்தில் வந்த வழியெல்லாம் அந்த ஒரு கவலைதான்.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டது, "துன்னியா?" என்பதுதான். உத்ரெக்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மாடியில் அவர்கள் வீடு. மாமா லாட்ஜில் ரிசப்ஷன் வேலை முடிந்து வந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். ராகி சங்கட்டி என்கிற கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. உருண்டையில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, விரல் சுடச்சுட மெல்லாமல் விழுங்கினேன். அலுவலகத்தில் மதியம் ஆறிப்போன ரொட்டியும் சீஸும் தின்று பழகிய நாக்கு கொஞ்ச நேரம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் திகைத்தது.

விதி என்னதான் மாறியது என்று மாமா கேட்டார். அவருக்குப் புரியும்படி லாட்ஜையே உதாரணமாக வைத்தேன். முன்பு லாட்ஜ் வாசலில் நம் ஆளை உட்கார வைக்கலாம். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்து, இவனை விடு, அவனை விடாதே என்று அவனே முடிவு செய்வான். இனிமேல் நம் ஆள் அங்கே உட்காரக் கூடாது. யாரை விடக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டியல் இவ்வளவு நீளம்தான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு. போலித் தளக்காரர்கள் காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர் என்று மாற்றிக்கொள்கிறவர்கள். நம் பட்டியல் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வேறு சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொன்னேன். வாசலில் உட்கார்ந்த ஆட்களில் திருடர்களும் இருந்தார்கள். விளம்பரத்தைத் தடுக்கிறேன் என்று வந்து வாடிக்கையாளர் பையைத் துழாவிய எக்ஸ்டென்ஷன்கள் எத்தனையோ. அதனால்தான் விதியை மாற்றினோம் என்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது.

மாமா சங்கட்டியை விழுங்கிவிட்டு யோசித்தார். அந்த முதலாளிக்கு வருமானம் எதில் என்று கேட்டார். விளம்பரத்தில் என்றேன். அப்படியென்றால் முதலாளியேதான் ரூம் புரோக்கரும், அவர் உன் ஆளை ஏன் வாசலில் உட்கார விடுவார் என்று தெலுங்கில் கேட்டுவிட்டு மோருக்குக் கை நீட்டினார். இதைச் சொல்ல, உத்ரெக்டில் விளம்பரத் தடுப்புக்கென்றே சங்கம் வைத்திருக்கும் நானும் என் நண்பர்களும் இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தோம்.

மறுநாள் கடையில் உட்கார்ந்தேன். அக்கா தன் மேஜையில் இருந்த நான்காவது மெஷினை மட்டும் என்னிடம் விடவில்லை. அதில் அவசர வேலை இருக்கிறது, முதலில் வாடிக்கையாளர் உட்காரும் மூன்றையும் பார் என்றாள். அந்த நான்காவதின் பிரவுசரில்தான் பல வருடத்துக்கு முன் என் சொந்தக் கணக்கைத் திறந்து வைத்திருந்தேன். அப்படி வைத்தால் நான் அங்கே பட்டியலில் மாற்றுவதெல்லாம் இங்கே தானாக வந்து சேரும். அதில் பார்த்து மற்ற மூன்றிலும் அக்கா ஏற்றிக்கொள்வாள். தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லை, ஊர்க்காரன் செய்கிற வேலை இது. வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்து வைப்பதில் என்ன யோசனை?

சேலத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். முந்தின வாரம் அவர்கள் பிள்ளை இதே கடையில், இரண்டாவது மெஷினில், மலையில் தங்க அறை பதிவு செய்து தாள் எடுத்துப் போயிருந்தான். மேலே போய்க் காட்டினால் அப்படி ஒரு பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தேடலில் முதலில் வந்த விளம்பரத்தைச் சொடுக்கியிருக்கிறான். கோபுரப் படம், நாமம், எல்லாம் அசல் போலவே இருந்திருக்கிறது. அந்த அம்மா இரவு முழுக்க மண்டபத்தில் படுத்துக் காலில் வீக்கத்தோடு வந்திருந்தார்.

அக்கா அவர்களை உட்கார வைத்துக் காபி வரவழைத்தாள். பிறகு கடையை என்னிடம் விட்டுவிட்டு, மாமாவின் லாட்ஜுக்குத் தானே கூட்டிப் போய் அறை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "எங் கடைல பிரிண்ட் எடுத்ததுடா அது. எங் கையால மடிச்சிக் குடுத்தேன்" என்றாள். 

நான் முட்டி மோதிப் பார்த்தேன். புதிய விதிக்கு உட்பட்ட சின்ன வடிகட்டியை மூன்றிலும் போட்டேன். பாதி விளம்பரம் அடங்கியது, போலித் தளங்களில் பழையவை மட்டும் அடங்கின. பழைய விதிகளை இன்னும் விடாமல் வைத்திருக்கும் வேறு பிரவுசர் ஒன்றைப் போட்டேன். ஆதார் வேலைக்காக அக்கா வைத்திருந்த கைரேகை எந்திரம் அதனோடு முரண்டு பிடித்தது. இன்னும் சில வருடத்தில் விளம்பரத்தையும் செய்தியையும் ஒரே மாவில் பிசைந்து கொடுத்துவிடுவார்கள், அப்போது எதைப் பிரிப்பது என்று என் நண்பர்கள் சொல்வதுண்டு. அன்று முதல்முறையாக எனக்கும் அது நிஜம் என்று பட்டது.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். வந்ததிலிருந்து அக்கா நிர்மலாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அவள் வரவில்லை என்றுகூட. மாமா ஒருமுறை வாயைத் திறந்தார். அக்கா அவர் இலையில் சோற்றை வைத்து அடைத்துவிட்டாள். முதலில் தப்பித்தேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மாலைக்குள் அந்த மௌனம் என்னை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பொய்களை எல்லாம் தயாராக வைத்திருந்தும் கேட்க ஆளில்லை.

மூன்றாம் நாள் காலை, காணிப்பாக்கம் போகலாம் கிளம்பு என்றாள்.  எங்கள் பக்கத்தில் காணிப்பாக்கத்துக்கு எதற்குக் கூட்டிப் போவார்கள் என்று யாரைக் கேட்டாலும் தெரியும். வழக்கு, வம்பு, சந்தேகம் எதுவானாலும் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டுப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அங்கே பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்பது எங்களுக்குப் பால்குடியிலிருந்தே ஊட்டிய பயம். ஐரோப்பாவில் எத்தனை வருடம் இருந்தாலும் அது போகவில்லை.

குளத்தங்கரையில் இரண்டு பேர் ஈர வேட்டியோடு நின்றிருந்தார்கள். அண்ணன் தம்பி என்று பேச்சில் தெரிந்தது. கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றது யார் என்பது வழக்கு. நான் தொடவில்லை என்று சத்தியம் செய்ய அண்ணன் படியேறினார். கூட வந்த பெரியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலு படி ஏறியதும் தம்பி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம், விடு, மோட்டார் போனால் போகட்டும், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே கீழே இழுத்து வந்தார். அண்ணன் எடுத்தாரா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. இருவரும் வேட்டியைப் பிழிந்துகொண்டு ஒன்றாகவே போனார்கள்.

அக்கா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வரிசையில் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டோம். அவள் இதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் நெற்றியில் குங்குமத்தை இழுத்துவிட்டு, பசிக்கிறது வா என்றாள்.

திரும்பும்போது புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரிலும் காற்று இல்லை. அடுத்த பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் எல்லோரும் இறங்கி நின்றோம். ஒரு பாட்டி கூடைக் கொய்யாவைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுக்க, டிரைவரின் சொந்தக் கதை, கண்டக்டர் மகள் கல்யாணம் என்று பேச்சு வளர்ந்தது. உத்ரெக்டில் ரயில் நடுவழியில் நின்றால் அவரவர் போனுக்குள் குனிந்துகொள்வார்கள். மன்னிக்கவும் என்று ஒலிபெருக்கி மட்டும் பேசும். அங்கே அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இங்கே கொய்யாவைக் கடித்துக்கொண்டு, இத்தனை பேர் நடுவில், இதைவிடத் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை என்று நினைத்தேன்.

நான்காம் நாள் எனக்கு வழி பிடிபட்டது. ஒவ்வொரு பிரவுசரோடும் மல்லுக்கட்டுவதை விட்டு, கடைக்கு இணையம் வரும் மோடத்திலேயே வடிகட்டியைப் போட்டுவிடலாம். எந்தக் கம்பெனி விதியும் அங்கே எட்டாது. முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி நின்றுவிடும். நான்கு மெஷினும் ஒரே அடியில் சுத்தம். உற்சாகமாக நாற்காலி போட்டு ஏறி மோடத்தை எடுத்தேன்.

"நாலும் அடங்கிடுமா?" என்றாள் அக்கா.

"நாலும்தான்."

"அப்ப மோடத்துல கை வெக்காத. எறங்கு."

எனக்குப் புரியவில்லை. ஏமாந்தவர்களைப் பார்த்து முகம் சிவந்தவள் இவள்தானே. கொஞ்சம் எரிச்சலோடேயே, அப்படியானால் எதற்காக என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் தன் மேஜையில் இருந்த திரையைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினாள்.

ஏதோ செய்தித் தளம் திறந்திருந்தது. செய்தியைச் சுற்றி விளம்பரங்கள். மறுமணத்துக்கு வரன் தேடுகிறீர்களா. வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கு விவாகரத்து ஆலோசனை. தூக்கம் வரவில்லையா, இயற்கை முறையில் தீர்வு. கீழே ஓரத்தில் கைக்கடக்கமான ஒரு குக்கர், ஒருவருக்கு மட்டும். மேல் மூலையில் வட்டத்துக்குள் என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது.

என் கணக்கு. என் தேடல்கள். உத்ரெக்டில் என் கம்ப்யூட்டரில் எந்த விளம்பரமும் என் கண்ணில் படாது, அங்கே எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறேன். இந்த உலகம் என்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை நான் பார்த்ததே இல்லை. வடிகட்டி செத்த நாளிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மொதல்ல எவனோ கஸ்டமர் தேடிட்டுப் போயிருக்கான்னுதான் நெனச்சேன்" என்றாள். "மத்த மூணுலயும் டாக்சி, நகைக் கடன்னு வந்துக்கினு கீது. இதுல மட்டும் இது. இதுல என்ன வுட்டா யாரு குந்தறா? கல்யாண வெளம்பரம் வந்தப்பகூட நான் நம்பல. குக்கர் வந்துது பாரு, அன்னைக்குத்தான் நம்பினேன்."

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று நான் தேடியது ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கு வடித்தே பழகிய கை. நிர்மலா போன பிறகும் வாரக்கணக்கில் அப்படியே வடித்துக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் முதலில் நான் சொன்னது என் தொழில் பேச்சைத்தான். இது தப்பு, ஒருத்தர் தேடுவது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது, இதைத் தடுக்கத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபடுகிறோம் என்றேன்.  அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சரிடா. ஆனா நீ போன்ல நல்லாகீறேன், நல்லாகீறேன்னு மட்டும் சொல்ற. இதான் உன்னப் பத்தி எதுனா சொல்லுது. இதையும் அடைச்சிட்டுப் போய்ட்டா எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். அக்கா கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். நிர்மலா போன விதம், அதற்கு முன்பே வீட்டில் பேச்சு நின்றது, என் பேரில் இருந்த குற்றம், அவள் பேரில் இருந்தது, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பாதியில் அவளும் அழுதாள். காணிப்பாக்கத்திலேயே ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்கத்தான் கூட்டிப் போனாளாம். அந்தத் தம்பிக்காரரைப் பார்த்ததும் மனசு வரவில்லையாம். "நீ அங்க நின்னு பொய் சொல்லிட்டினா நான் என்னாடா பண்ணுவேன்" என்றாள்.

மறுநாள் ஒரு வழிக்கு வந்தோம். மோடத்தில் வடிகட்டியைப் போட்டேன், நான்காவது மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். என் கணக்கையும் அதில் அப்படியே விட்டேன். என் உத்ரெக்ட் நண்பர்களிடம் இதைச் சொன்னால் என்னைச் சங்கத்தை விட்டே தள்ளிவைத்துவிடுவார்கள். அன்று மாலை பெட்டியோடு ஆட்டோ நிறுத்தத்துக்கு நடந்தபோது அதே ரூம் புரோக்கர் எதிரே வந்தார். கூட அக்காவும் மாமாவும் வருவதைப் பார்த்ததும், ஃபேமிலி ரூம் உண்டு சார் என்று பெட்டியைப் பிடித்தார். அக்கா அவரைத் தெலுங்கில் திட்டிய திட்டை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை.

உத்ரெக்டில் மழை. வீட்டைத் திறந்ததும் பூட்டியிருந்த வாசனை. அரிசியை ஒரு ஆளுக்கு அளந்து வைத்தேன், இந்த முறை சரியாக வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தவன், வழக்கம்போல் தேடப் போகும்போது கை நின்றது. நான் எதைத் தேடினாலும் திருச்சானூரில் ஒரு திரையில் அது போய் நிற்கும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சங்கராந்திக்குச் சென்னை விமானம் என்று தமிழிலேயே அடித்துத் தேடினேன். டிக்கெட் எடுக்கும் எண்ணம் எதுவும் இல்லை. நான் நலமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும் ஒரு வழி, அவ்வளவுதான். வந்த தளங்களில் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மதியம் அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

"மெட்ராசுக்கு ஏரோப்ளேனா வந்துக்கினு கீதுடா" என்றாள். "பண்டிகைக்கா?"

ஆமாம் என்றேன். போனை வைத்த பிறகுதான் டிக்கெட்டை எடுத்தேன்.